ஓர் ஒப்பந்தமும் இரண்டு பிரதிகளும்
மூல ஆவணங்களின் வழியே எமது மாணவியருக்கு வரலாறு

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவியர் சங்கத்தினர் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ டெங்கு பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவை பற்றி வைத்தியசாலையில் நாள்தோறும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். நூறு வயதைத் தொட்டுவிட்ட ஒரு பாடசாலையின் மலரில், இன்று அங்கே படிக்கும் பிள்ளைகள் வரலாற்றை எப்படிக் கற்கலாம் என்பதைப் பற்றி எழுதுவதே பொருத்தம் என்று எனக்குப் பட்டது. அதற்கு நல்ல உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய புளியந்தீவுக் கோட்டையிலேயே அது இருக்கிறது.

மட்டக்களப்பில் எழுதிய ஒப்பந்தம்

புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். பத்தே ஆண்டுகளில் அது அவர்கள் கையை விட்டுப் போயிற்று. போர்த்துக்கேயரை நாட்டை விட்டே துரத்த எண்ணிய கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன், பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்தருக்குக் கடிதம் அனுப்பி உதவி கேட்டான். ஆதம் வெஸ்டர்வோல்ட் என்ற தளபதி கப்பல்களோடு வந்தான். அரசனின் படை தரைவழியே வந்தது. 1638 மே 18ஆம் திகதி கோட்டை சரணடைந்தது. ஐந்து நாட்களின் பின், மே 23ஆம் திகதி, மட்டக்களப்பிலேயே அரசனும் வெஸ்டர்வோல்ட்டும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

இந்த ஒப்பந்தம் எமது பாடநூலில் சில வரிகளில் வந்துபோகும். ஆண்டைப் பாடமாக்கிக்கொண்டால் பரீட்சையில் ஒரு புள்ளி கிடைக்கும். ஆனால் ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவில் ஒரு சங்கதி இருக்கிறது. போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தரின் காவற்படை இருக்கும் என்பது அந்தப் பிரிவின் பொருள். போர்த்துக்கேய மொழியில் எழுதி அரசனிடம் கொடுத்த பிரதியில், அரசர் விரும்பினால் மட்டுமே அப்படி என்ற கருத்தைத் தரும் சில சொற்கள் இருந்தன. ஒல்லாந்தர் தம் மொழியில் வைத்திருந்த பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை.

அந்தச் சில சொற்களின் விலை பெரிது. 1639இல் திருகோணமலை வீழ்ந்தது. 1640இல் காலியும் நீர்கொழும்பும் வீழ்ந்தன. கோட்டைகள் தன்னுடையவை என்றான் அரசன். ஒப்பந்தப்படி காவல் தம்முடையது என்றார்கள் ஒல்லாந்தர். போருக்குச் செலவான பணத்தை அரசன் தந்து தீர்க்கவில்லை என்றும் சொன்னார்கள். 1656இல் கொழும்பு வீழ்ந்தபோதும் அரசனுக்கு அது கிடைக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதைச் சொல்வார்கள். அதன் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் இந்நாட்டின் கரையோரம் ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்தது.

இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஆசிரியர் குறிப்புச் சொல்ல, பிள்ளைகள் கொப்பியில் எழுதுவது ஒரு விதம். இரண்டு பிரதிகளிலும் உள்ள மூன்றாவது பிரிவைத் தமிழில் எழுதி, ஒரு தாளில் பக்கத்துப் பக்கமாக அச்சிட்டுக் கையில் கொடுத்து, "பிள்ளைகள், இரண்டையும் வாசித்துப் பாருங்கள். என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் சும்மா இருப்பது மற்ற விதம். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். அதன்பிறகு கேள்விகள் தாமாகவே வரும். எழுதியவர் யார்? இரண்டு மொழியும் தெரிந்தவர் அந்த இடத்தில் எத்தனை பேர்? அரசன் தன் பிரதியை யாரைக் கொண்டு வாசிப்பித்தான்? சொற்கள் விடுபட்டதா, விடப்பட்டதா? எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்? இவற்றில் சிலவற்றுக்கு உறுதியான விடை இல்லை. விடை இல்லாத கேள்வியும் உண்டு என்பதைப் பிள்ளை அறிந்துகொள்வதே ஒரு பாடம்தான்.

கேட்டறிதல்

வைத்திய மாணவருக்கு முதன்முதலில் கற்பிப்பது மருந்தின் பெயரை அல்ல, நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதும் முறையைத்தான். "டொக்டர், எனக்கு பிரஷர் இல்லை" என்பார் ஓர் அம்மா. அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டினால் மூன்று வருடமாக மாத்திரை எழுதியிருக்கும். அம்மா பொய் சொல்லவில்லை. மாத்திரை குடித்ததும் வருத்தம் போய்விட்டது என்று நம்புகிறார். கொப்பியும் முழு உண்மையைச் சொல்லாது. எழுதிய மாத்திரையை அவர் குடித்தாரா என்பது அதில் இராது. கூட வந்த மகளிடம் கேட்க வேண்டும். மூன்றையும் ஒப்பிட்டுத்தான் ஒரு முடிவுக்கு வருகிறோம். அந்த முடிவையும் அடுத்த இரத்தப் பரிசோதனை மாற்றிவிடலாம்.

வரலாற்று ஆசிரியர் செய்வதும் இதைத்தான். சம்பவம் நடந்த காலத்தில், அதோடு தொடர்புடையவர்கள் விட்டுச்சென்ற கடிதம், ஒப்பந்தம், இடாப்பு, படம், வரைபடம், பத்திரிகை, நாட்குறிப்பு ஆகியன மூல ஆவணங்கள். அவற்றைக் கொண்டு பின்னால் வந்தவர்கள் எழுதியது பாடநூல். எமது ஆறாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல்களே மூலாதாரங்கள் பற்றிப் பேசித்தான் தொடங்குகின்றன. ஆனால் அந்த மூலாதாரங்களில் ஒன்றையேனும் கையில் எடுத்துப் பார்க்காமல், அவற்றின் வகைகளை மட்டும் பாடமாக்கிப் பரீட்சை எழுதுகிறோம்.

நாங்கள் படித்த காலத்தில் அதற்கு வழியும் இருக்கவில்லை. தொண்ணூறுகளில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்தவர்கள் நாங்கள். மூல ஆவணம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போக வேண்டும். சோதனைச் சாவடிகளைக் கடந்து வைத்தியசாலைக்குப் போய்வருவதே பெரும்பாடாக இருந்த நாட்களில், சுவடி பார்க்க யார் போவார்? பாடநூலும் ஆசிரியரின் குறிப்புமே எமக்கிருந்த எல்லாம். அவற்றை வைத்துக்கொண்டே எம்மைக் கரைசேர்த்த ஆசிரியர்களை நான் எந்நாளும் நன்றியோடு நினைப்பேன். ஆனால் அன்று இல்லாத வசதி ஒன்று இன்றைய பிள்ளைகளுக்கு இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதும் ஒரு வரலாறு.

கைக்கு வந்த ஆவணங்கள்

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1990இல் ஒரு பரீட்சார்த்த முயற்சியைத் தொடங்கியது. தன்னிடமிருந்த பழைய படங்கள், கடிதங்கள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை எண்ணிம வடிவாக்கித் தட்டுகளில் பதிந்து, 44 பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பியது. ஆராய்ச்சியாளரே அதிகம் விரும்புவர் என்று நினைத்திருக்கலாம். ஆனால் மிகுந்த ஆர்வம் காட்டியவை பாடசாலைகள், அதிலும் இடைநிலை வகுப்புகள். 1994இல் அந்தச் சேகரம் இணையத்துக்கு வந்தது. ஆவணங்களைக் கொண்டு வகுப்பில் கற்பிப்பதற்கான பாடத்திட்டங்களும் பின்னர் வந்தன.

தமிழில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தொண்டர்களே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றியது. எமது நாட்டில் 2005 தைப்பொங்கலோடு, சுனாமி நடந்து மூன்று வாரங்கூட ஆகாத நிலையில், நூலகம் என்ற எண்ணிம நூலகம் தொடங்கியது. சில இளைஞர்கள் ஊதியமின்றித் தொடங்கிய அம்முயற்சி பின்னர் நூலக நிறுவனமாக வளர்ந்தது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் என்று பல்லாயிரம் ஆவணங்களை இன்று எவரும் பணம் கொடாமல் அங்கே வாசிக்கலாம்.

இந்த வேலை ஏன் இவ்வளவு அவசரமானது என்பதை எமது நாட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. கிழக்கில் எமக்கு வேறு விதமான இழப்புகள். 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி கூரைகளோடு பெட்டகங்களையும் கொண்டுபோனது. 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போரில் வீடுகளை விட்டு ஓடியவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள்; கடதாசிகளைத் தூக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. ஒரே ஒரு பிரதியாக இருப்பது எதுவும் எமது மண்ணில் நிலைக்கும் என்று சொல்ல முடியாது.

மட்டக்களப்பு வரலாறு பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய சில நூல்கள் எண்ணிம வடிவில் உள்ளன. பழைய ஏடுகளிலிருந்து எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வீ.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகியவை நூலகம் தளத்தில் கிடைக்கின்றன. வெளிநாட்டுச் சேகரங்களிலும் எமது ஊர்கள் இருக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ தனது உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய சுவடிகள் கூடம் அவற்றின் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் இட்டிருக்கிறது. ஒரு காலத்தில் கப்பலேறிப் போன காகிதங்கள் எமது கைத்தொலைபேசிக்குத் திரும்பி வந்திருக்கின்றன.

வகுப்பறைக்கு மூன்று பாடங்கள்

ஒப்பந்தத்தைப் பற்றி மேலே சொன்னேன். அதுபோல எமது பகுதிக்கென்றே பொருந்தும் வேறு மூன்று பாடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது ஒரு படம். ஒல்லாந்தக் கப்பற்தலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 மே மாத முடிவில் மட்டக்களப்பில் நங்கூரமிட்டான். அங்கிருந்து கண்டிக்குச் சென்று அரசன் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். 1605இல் ஒல்லாந்தில் அச்சாகிய அவனுடைய பயண நூலில், அரசனும் அவனும் கைகுலுக்கும் படம் ஒன்று இருக்கிறது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பிள்ளைகளிடம் படத்தைக் காட்டி, அரசனின் உடையைப் பாருங்கள், பின்னாலுள்ள மலையைப் பாருங்கள், மரங்களைப் பாருங்கள் என்று சொல்லலாம். இதை வரைந்தவர் கண்டியை நேரில் கண்டவரா, கேட்டு வரைந்தவரா? இருவரும் சமமாக நின்று கைகுலுக்குவதாகக் காட்டுவதால் யாருக்கு என்ன நன்மை? எமது அரசர் முன் தூதுவர் எப்படி நிற்பது வழக்கம்? சித்திரம் வரையும் பிள்ளை வகுப்பில் ஒருத்தியாவது இருப்பாள். வரலாற்றுப் பாடத்தில் வாய் திறக்காத அவள் அன்றைக்குப் பேசுவாள்.

இரண்டாவது பாடும் மீன். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். நிலா எழுந்த பிறகு மீனவருடன் தோணியில் ஏறி, கோட்டைக்கு அருகே வாவியில் எழும் இசையைக் கேட்டதாக 1859இல் வெளியிட்ட தமது நூலில் எழுதினார். நீரில் நனைத்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலிக்கு அதை ஒப்பிட்டார். சத்தம் போடுவது மீன் என்றல்ல, ஒரு வகைச் சிப்பி என்றே மீனவர் அவரிடம் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தமிழ்ப் பெயரைத் தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தார். அதன் முதற்சொல் ‘ஊரி’. வாவிக்கரையில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டாம். மிகுதிச் சொற்கள் எவை என்று வகுப்பே சேர்ந்து தேடட்டும். நூல் முழுவதும் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ஆங்கில ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் சேர்ந்து எடுக்கக்கூடிய பாடம் இது. பெரிய துரை எழுதிய புத்தகத்தில், வாவியில் தோணி தள்ளிய மனிதரின் அறிவும் இருக்கிறது என்று பிள்ளை உணர்வதே இதில் முக்கியம். மீன் என்று உலகம் சொல்ல, ஊரி என்று எமது ஆட்கள் சொன்ன அந்தக் கருத்தையும் ஆராய வேண்டிய ஒன்றாக அவள் எடுத்துக்கொள்வாள்.

மூன்றாவது குடிசன மதிப்பீடு. இலங்கையில் முதலாவது முழுமையான குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. 1911 மதிப்பீட்டைப் பற்றி ஈ.பி. டெனம் எழுதிய பெரிய அறிக்கையை இணையத்தில் வாசிக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்ற அட்டவணையில் ஆணுக்கு ஒரு நிரல், பெண்ணுக்கு ஒரு நிரல். இரண்டு நிரல்களையும் எமது மாணவியர் தாமே பார்த்துக் கணக்கிட்டு வரைபு கீறட்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியில் பெண் பிள்ளைகளுக்கென்று பாடசாலை நடத்தியவர்கள் எதற்கெதிராக நின்றார்கள் என்பதை நூறு பரிசளிப்பு விழாப் பேச்சுகளை விட அந்த ஒரு நிரல் நன்றாகச் சொல்லும். கூடவே ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த எண்ணற்காரருக்கு "இவளுக்கு எழுத்துத் தெரியுமா?" என்பதற்குப் பதில் சொன்னது யார்? அவளா, அவளுடைய தகப்பனா?

இந்த மூன்றுக்கும் ஸ்மார்ட் போர்ட் தேவையில்லை. ஒரு பக்கத்தை அச்சிட்டுப் போட்டோக் கொப்பி எடுத்தால் நாற்பது பிள்ளைகளுக்குப் போதும். டேட்டா தீர்ந்துபோன நாளிலும், மின்சாரம் நின்ற நாளிலும் பாடம் நடக்கும். ஒரு தவணைக்கு ஓர் ஆவணம் என்றால் பாடத்திட்டத்தை முடிக்க முடியாது என்ற ஆசிரியரின் கவலைக்கும் இடமிராது.

ஏன் இது அவசியம்

இதெல்லாம் பரீட்சைக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆவணத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை, அமைப்புக் கட்டுரை வினாவுக்கு மனனம் செய்த பிள்ளையை விட நன்றாக எழுதும் என்றே நம்புகிறேன். ஆனால் என் கவலை பரீட்சை பற்றியதல்ல.

கொரோனாக் காலத்தில் தடுப்பூசி பற்றிக் கைத்தொலைபேசிகளில் வந்த கதைகளை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அனுப்பியவர் யார், எங்கிருந்து எடுத்தார் என்று கேளாமல் நம்பியவர்கள் படித்தவர்களிலும் இருந்தார்கள். வரலாற்றின் பேரிலும் இன்று அதே விதமான செய்திகள் வருகின்றன. இந்த ஊர் முதலில் யாருடையது, இந்தக் கோயில் அல்லது பள்ளிவாசல் இருந்த இடம் எது, இந்தக் காணியை யார் யாரிடமிருந்து பிடித்தார்கள் என்று ஆளுக்கொரு வரலாறு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவராக வாழும் எமது மாகாணத்தில் இத்தகைய செய்தி ஒன்று எத்தகைய தீங்கைச் செய்யும் என்பதற்கு எம் தலைமுறை சாட்சி. காயப்பட்டு வந்தவர்களுக்குக் கட்டுப்போடும் வேலையில் இருப்பவர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். "இதற்கு ஆதாரம் எங்கே? மூலப் பிரதியைக் காட்டுங்கள்" என்று அமைதியாகக் கேட்கப் பழகிய ஒரு பதினைந்து வயதுப் பெண் பிள்ளை எந்தக் கூட்டத்துக்கும் ஒரு பாதுகாப்பு.

எமது பக்கத்து ஆவணங்களையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு மான்மியத்தை எடுத்தால், அது எந்தக் காலத்தில் எழுதிய ஏடு, எத்தனை கைகள் பட்டது, எந்தக் குடியின் பெருமையைச் சொல்கிறது, யாரைப் பற்றிப் பேசவேயில்லை என்றெல்லாம் கேட்க வேண்டும். எமது பகுதியில் கல்வெட்டு என்ற சொல் கல்லில் வெட்டியதை மட்டும் குறிப்பதில்லை. கோயில் முறைகளையும் குடிகளின் உரிமைகளையும் சொல்லும் ஏட்டுப் பாடல்களையும் கல்வெட்டு என்றே சொல்கிறோம். அவை பெறுமதி மிக்கவை. ஆனால் உரிமை கோருவதற்கென்று எழுதியவை என்பதையும் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். ஒல்லாந்தன் எழுதியதைச் சந்தேகித்துவிட்டு, எம்மவர் எழுதியதை அப்படியே நம்பினால் அது வரலாற்றுக் கல்வி ஆகாது. மருதமுனைப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகளும் எமது பிள்ளைகளும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே ஆவணத்தை வாசித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

எமது கையில் இருப்பவை

இவ்வளவு நேரமும் ஹேக்கிலும் வாஷிங்டனிலும் உள்ளவற்றைப் பற்றிப் பேசினேன். எமது அலுமாரிகளில் இருப்பவற்றைப் பற்றி இனிப் பேச வேண்டும்.

பழைய பாடசாலை எதிலும் மூன்று வகைப் பதிவுகள் இருக்கும். அதிபர் எழுதும் லொக் புத்தகம், பிள்ளைகளைச் சேர்க்கும்போது எழுதும் சேர்வு இடாப்பு, நாள்தோறும் அடையாளமிடும் வரவு இடாப்பு. அரச மானியம் பெறும் பாடசாலைகளில் தலைமையாசிரியர் லொக் புத்தகம் எழுத வேண்டும் என்ற விதி 1860களில் இங்கிலாந்தில் வந்தது. வெள்ளம், தொற்றுநோய், பரிசோதகர் வருகை என எல்லாம் அதில் பதிவாகும். இன்று அந்நாட்டில் அவை பலவற்றை எண்ணிமமாக்கிப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கிறார்கள்.

வரவு இடாப்பு வைத்தியருக்கும் பெறுமதியானது. ஒரு வகுப்பில் ஒரே கிழமையில் பதினைந்து பேர் வரவில்லையென்றால் அது காய்ச்சலா, வெள்ளமா, வேளாண்மை வெட்டா, துவக்குச் சத்தமா? 1957 டிசம்பர் வெள்ளத்தையும் 1978 சூறாவளியையும் எமது பிள்ளைகள் பத்திரிகையில் வாசிக்கலாம். ஆனால் தம் பாடசாலையின் இடாப்பில் அந்தக் கிழமைகளின் வெறும் கட்டங்களைப் பார்ப்பது வேறு. சேர்வு இடாப்பில் விலகிய திகதிக்கும் விலகிய காரணத்துக்கும் நிரல்கள் உண்டு. 1990ஐயும் அடுத்த ஆண்டுகளையும் அந்த நிரல்களில் தேடினால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத எமது ஊரின் வரலாறு இருக்கும். 2007இல் படுவான்கரை மக்கள் வாவி கடந்து எழுவான்கரைக்கு வந்தபோது எமது பகுதிப் பாடசாலைகள் எத்தனை பிள்ளைகளை உள்வாங்கின என்பதற்கும் இடாப்பே சாட்சி.

வீடுகளிலும் இருக்கின்றன. அம்மம்மாவின் தேர்ச்சி அறிக்கை, வகுப்புப் படம், வெளிநாட்டிலிருந்து வந்த நீலநிற வான்கடிதம், அண்ணாவியாரின் கூத்துக் கொப்பி, கண்ணகை அம்மன் சடங்கில் பாடும் வழக்குரை ஏடு, பரியாரியாரின் வாகட ஏடு. இவற்றைக் கறையானும் உப்புக்காற்றும் தின்றுகொண்டிருக்கின்றன. ஒரு தலைமுறைக்குள் படத்தில் இருப்பவர்களின் பெயரைச் சொல்ல ஆள் இராது.

இவற்றை எண்ணிமமாக்கப் பெரிய செலவு இல்லை. யன்னலோரப் பகல் வெளிச்சம், வெள்ளைத் துணி, நல்ல கமெரா உள்ள கைத்தொலைபேசி, பொறுமையுள்ள இரண்டு மாணவியர் போதும். கிழிந்த பக்கத்தை ரேப் போட்டு ஒட்டக்கூடாது. பசை காலப்போக்கில் தாளைத் தின்றுவிடும். படத்தை விட முக்கியம் அதோடு எழுதிவைக்கும் விபரம். யாருடையது, எந்த ஆண்டு, எங்கே எடுத்தது, யார் தந்தார், இடமிருந்து வலமாக யார் யார். பெயர் ஒட்டாத இரத்த மாதிரியை ஆய்வுகூடம் ஏற்காது. விபரமில்லாத படமும் அப்படித்தான். எடுத்தவற்றை ஒரு பென்டிரைவில் போட்டு அலுமாரியில் பூட்டினால் மீண்டும் ஒரே பிரதிதான். பாடசாலையில் ஒன்று, சங்கத்திடம் ஒன்று, நூலகம் போன்ற ஒரு பொதுச் சேகரத்தில் ஒன்று என்று மூன்று இடங்களில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடக்கூடாது. இடாப்பில் பிள்ளையின் பெயரோடு தகப்பனின் தொழில், முகவரி, சில வேளை தகப்பன் இல்லை என்பதும் எழுதியிருக்கும். பாடசாலையை விட்டு விலகிய காரணம் ஒருத்திக்கு இன்றும் நோவாக இருக்கலாம். பிரித்தானியாவில் குடிசன மதிப்பீட்டின் வீட்டு விபரங்களை நூறு ஆண்டுகள் மூடிவைக்கிறார்கள். 1921ஆம் ஆண்டு விபரம் 2022இல்தான் வெளிவந்தது. நோயாளியின் கோவையைப் போலவே இதையும் கருத வேண்டும். படமெடுத்துப் பாதுகாப்பது இன்றே செய்ய வேண்டிய வேலை. வெளியிடுவது பொறுத்துச் செய்யலாம். உயிரோடு இருப்பவர்களின் சம்மதம் கேட்க வேண்டும். வகுப்பில் பயன்படுத்துவதற்குப் பெயர்களை மறைத்த ஒரு பக்கமே போதும்.

ஒரு வேண்டுகோள்

நூற்றாண்டு விழாவில் மேடை இருக்கும், மாலை இருக்கும், படம் பிடிப்பார்கள். அவற்றோடு இதையும் செய்வோம். கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் அக்காமாரும் தங்கைமாரும் உங்கள் அல்பங்களைத் திறந்து பாருங்கள். ஊரில் இருப்பவர்கள் பெட்டகங்களைத் திறவுங்கள். மூத்த ஆசிரியைகளின் வீடுகளுக்கு உயர்தர மாணவியரை அனுப்பி, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்விப்போம். சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் பரிசுகளில் ஒன்றை, ஊரின் ஆவணம் ஒன்றைத் தேடி எடுத்து நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்குக் கொடுப்போம். விடைக்கு அல்ல, கேள்விக்குப் பரிசு.

1638இல் மட்டக்களப்பில் எழுதிய தாளில் சில சொற்கள் இல்லாமற் போனதை இன்று நாம் அறிவோம். இரண்டு பிரதிகளும் தப்பியதாலேயே அது தெரிய வந்தது. ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தால், அதில் இருப்பதே உண்மை என்று இன்றும் படித்துக்கொண்டிருப்போம். எமது ஊரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய பிரதிகள் பல இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. எமது கையால் எழுதிய பிரதியும் ஒன்று இருக்க வேண்டும். அதைத் தேடி எடுத்து, விபரம் எழுதி, அடுத்த நூற்றாண்டில் இங்கே படிக்கப்போகும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பொறுப்பு பழைய மாணவியராகிய எம்முடையது.